கப்பலில வாறவைக்கு ஒரு சட்டம், கரையில இருக்கிறவைக்கு ஒரு சட்டம்

2023 ஜூனில காங்கேசன்துறைக்கு ஒரு உல்லாசக் கப்பல் வந்தது. கோர்டேலியா குறூஸ் நிறுவனத்தின்ர எம்பிரஸ். ஜூன் 5ஆம் திகதி சென்னையில இருந்து முதல் சர்வதேசப் பயணத்தைத் தொடங்கின கப்பல். அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை எண்டு இலங்கையின்ர மூண்டு துறைமுகத்தைத் தொட்டுப்போட்டுத் திரும்பச் சென்னைக்குப் போறது அதின்ர பாதை. நான் அப்ப ஏ.எல். எழுதிப்போட்டு சும்மா நிண்ட காலம். கூட்டாளிமாரோட மோட்டச்சைக்கிளில பாக்கப் போனன். கிட்டப் போக விடேல்லை. தூரத்தில நிண்டு வெள்ளையா ஒரு மாடிவீடு மாதிரி அது தெரிஞ்சதைப் பாத்தம், போனில படம் எடுத்தம், வந்திட்டம்.

அந்தப் படத்தை நெடுந்தீவில அம்மம்மாவுக்குக் காட்டினன். அவ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கனநேரம் பாத்தா. பிறகு கேட்டது ஒரே ஒரு கேள்வி: "உது திரும்பப் போகேக்க எங்களையும் ஏத்துமோ?"

பகிடிக்குக் கேக்கேல்லை. அவவின்ர தங்கச்சி, எனக்குச் சின்ன அம்மம்மா, 1990இல குடும்பத்தோட மன்னாருக்குப் போய் அங்கயிருந்து வள்ளத்தில இராமேஸ்வரம் போனவ. மண்டபம் முகாமில கொஞ்சக் காலம், பிறகு திருச்சிப் பக்கம் ஒரு முகாம். 2021இல தமிழக அரசு அதுகளின்ர பெயரை "இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்" எண்டு மாத்தினது. பெயர் மாறினது, ஆக்கள் அங்கதான் இருக்கினம். அக்காவும் தங்கச்சியும் முப்பது வருசத்துக்கு மேல நேர பாக்கேல்லை. வட்ஸ்அப்பில பாக்கினம். நெடுந்தீவில சிக்னல் நல்லா இருக்கிற நாளில.

அண்டைக்கு நான் அம்மம்மாவுக்குச் சொன்ன பதில், "ஏலாது அம்மம்மா, விசா வேணும்." இந்தக் கட்டுரை அந்தப் பதிலைப் பற்றினது. அது சரியான பதில்தான். ஆனா நியாயமான பதில் இல்லை எண்டது என்ர வாதம்.

கப்பலுக்கு எப்பிடி விசா பாக்கினம்?

முதல்ல விசயத்தை விளங்கிக்கொள்ளுவம். உல்லாசக் கப்பலில போறவை, "கப்பலிலதானே இருக்கிறம், எல்லா நாட்டுக்கும் தனித்தனி விசா எதுக்கு?" எண்டு நினைக்கிறது வழமை. சட்டம் அப்பிடி நினைக்கிறேல்லை. கப்பல் தொடுற ஒவ்வொரு நாடும் ஒரு தனி எல்லை. கால் வைக்கப்போற ஒவ்வொரு நாட்டின்ர அனுமதியும் தனியாத் தேவை. சில நாடுகளில் இறங்காமல் கப்பலுக்குள்ளேயே இருந்தாலும் விசா கேக்கலாம்.

இதில கன பேரை விழுத்துறது ஒற்றை நுழைவு விசா. பார்சலோனாவில கப்பல் ஏறி, இஸ்தான்புல் போய், திரும்ப ஏதென்சுக்கு வாற ஒரு பயணத்தை யோசியுங்கோ. பார்சலோனாவும் ஏதென்சும் ஷெங்கன் வலயம். இஸ்தான்புல் வெளிய. கப்பல் துருக்கிக்குப் போற நேரமே உங்கட ஒற்றை நுழைவு விசா முடிஞ்சு போச்சு. ஏதென்சில இறங்க இன்னொரு நுழைவு வேணும். எங்கட பக்கமும் அதே கதைதான். கனடா பாஸ்போட் வைச்சிருக்கிற ஒரு மச்சான் சென்னையில கப்பல் ஏறி, காங்கேசன்துறை பாத்துப்போட்டுச் சென்னைக்குத் திரும்பிறதெண்டா, அவரின்ர இந்திய விசாவில ஒண்டுக்கு மேற்பட்ட நுழைவு இருக்கவேணும். இலங்கைக்கு ஈ.டி.ஏ. தனியா எடுக்கவேணும். இல்லாட்டி ஏத்தவே மாட்டினம். ஏனெண்டா பத்திரம் இல்லாத ஆளைக் கொண்டுவந்தா கப்பல் நிறுவனம் தண்டம் கட்டவும் ஆளைத் திருப்பிக் கொண்டுபோகவும் வேண்டி வரும். அதால குடிவரவு அதிகாரி செய்யவேண்டிய வேலையில பாதியை ரிக்கற் பாக்கிற பிள்ளை செய்யுது.

இது எல்லாம் விதி. இப்ப விதிவிலக்கைப் பாருங்கோ. ரசியாவின்ர சென் பீற்றர்ஸ்பேர்க் துறைமுகத்தில, கப்பலில வந்து ஒழுங்குபடுத்தின சுற்றுலாவில இறங்கிறவைக்கு 72 மணித்தியாலம் விசா இல்லாமல் நிக்க ஒரு ஏற்பாடு 2009இல இருந்து வந்தது. சீனா 2016இல ஷங்காயில கப்பல் குழுக்களை 15 நாள் விசா இல்லாமல் விட்டது. 2024 மே மாதத்தில அதைத் தன்ர கரையோரத் துறைமுகங்கள் எல்லாத்துக்கும் விரிச்சது. எல்லைக் காவலில ஆருக்கும் சளைக்காத நாடுகள் இதுகள். அவைக்கு என்ன துணிவு?

துணிவுக்கு மூண்டு காரணம். ஒண்டு, ஆர் வருகினம் எண்ட பெயர்ப் பட்டியல் கப்பல் வர முதலே கைக்கு வந்திடும். இரண்டு, வந்தவை பின்னேரம் திரும்பிப் போவினம், போகாட்டி எண்ணிக்கையில தெரியும். மூண்டு, வாறவை காசு செலவழிப்பினம்.

இந்த மூண்டையும் மனசில வையுங்கோ. முதல் இரண்டும் பாதுகாப்புப் பற்றினது. மூண்டாவது மட்டும்தான் எங்களிட்ட இல்லை.

இனி அம்மம்மாவின்ர பக்கம்

"ஏன் ஏலாது? இந்தியாவுக்கு ஈ-விசா இருக்கு, பலாலியில இருந்து சென்னைக்குப் பிளேன் இருக்கு, நாகபட்டினத்துக்குக் கப்பல் இருக்கு" எண்டு ஆரும் கேக்கலாம். உண்மை. எல்லாம் இருக்கு. நான் இருக்கிறதை மறைச்சு வாதாட வரேல்லை. அது ஆருக்காக இருக்கு எண்டதைச் சொல்ல வாறன்.

நெடுந்தீவில இருந்து ஒரு ஆள் யாழ்ப்பாணப் பட்டினத்துக்குப் போறதெண்டா விடியப் படகேறி, குறிகட்டுவானில இறங்கி, பஸ் பிடிச்சு, புங்குடுதீவு வேலணை எல்லாம் கடந்து போகவேணும். காற்றடிச்சா அண்டைக்குப் படகில்லை. பாஸ்போட் எடுக்க முந்தி வவுனியாவுக்கோ பத்தரமுல்லைக்கோ போகவேணும். 2024இல பத்தரமுல்லையில சனம் இரவிரவா வரிசையில படுத்ததை நீங்கள் செய்தியில பாத்திருப்பியள். 2025 செப்ரெம்பர் 1ஆம் திகதிதான் யாழ்ப்பாணத்தில பிராந்திய அலுவலகம் திறந்தவை. நல்ல விசயம், நன்றி. ஆனா எழுபத்தைஞ்சைத் தொடப்போற ஒரு மனிசிக்கு அது எத்தினை வருசம் பிந்தி வந்தது?

பாஸ்போட் வந்தாப் பிறகு விசாப் படிவம். அதை நிரப்பினது நான். பாட்டன் பாட்டி பாகிஸ்தான் பிரசையா, பாகிஸ்தான் பிடியில உள்ள பகுதியைச் சேர்ந்தவையா எண்டு ஒரு கேள்வி இருக்கு. அம்மம்மாவின்ர அப்பா நெடுந்தீவை விட்டு வெளிக்கிட்ட தூரமே இராமேஸ்வரமும் யாழ்ப்பாணமும்தான். "பாகிஸ்தானோ? அது எங்க கிடக்கு?" எண்டா. அடுத்தது, இந்தியாவில உங்களைத் தெரிஞ்ச ஒருவரின்ர பெயரும் முகவரியும். அவவுக்கு அங்க தெரிஞ்ச ஒரே ஆள் தங்கச்சி. ஒரு முகவரிட்டக் கேட்டன். "முகாம் முகவரி போடாதையுங்கோ தம்பி, தேவையில்லாத பிரச்சினை, ஏதாவது ஹோட்டலைப் போடுங்கோ" எண்டார். போற ஒரே காரணத்தை எழுதக்கூடாது, பொய்க்காரணத்தை எழுதலாம். அதுக்குப் பிறகு வங்கி அட்டை வேணும், ஸ்கான் வேணும், மின்னஞ்சல் வேணும். ஈ-விசா எண்டது குறிப்பிட்ட விமான நிலையங்கள், குறிப்பிட்ட துறைமுகங்கள் ஊடாக மட்டும் நுழைய விடுற விசா. அந்தப் பட்டியலையும் பாக்கவேணும். இவ்வளவையும் தாண்டிப் போனாலும், முகாமுக்குள்ள வெளியாள் போக அனுமதி வேணும்.

படிவம் பாதியில நிக்குது. இப்பவும்.

இதை நான் எந்த அலுவலரின்ர குணத்திலயும் போடேல்லை. எல்லாரும் மரியாதையாத்தான் கதைச்சவை. பிரச்சினை, இந்த முழு ஏற்பாடும் ஒரு ஆளை மனசில வைச்சுச் செய்யப்பட்டது. அந்த ஆளிட்டக் கிரெடிட் காட் இருக்கு, ஹோட்டல் புக்கிங் இருக்கு, திரும்புற ரிக்கற் இருக்கு. அவருக்கு எல்லை எண்டது வாழ்க்கையில சிலதரம் வாற ஒரு சம்பவம். எங்களுக்கு எல்லை எண்டது கடற்கரையில நிண்டா தெரியிற தூரத்தில, வீட்டுக்குள்ளால போற ஒரு கோடு.

இந்தக் கோடு எப்ப போட்டது?

ஊர்காவற்றுறையைப் போர்த்துக்கீசர் "யானைத்துறை" எண்டு பொருள்படத்தான் கூப்பிட்டவை. அதிலயிருந்து வந்ததுதான் "கயிற்ஸ்" எண்ட ஆங்கிலப் பெயர். இலங்கையில பிடிச்ச யானையளை அங்கயிருந்துதான் இந்தியாவுக்கு ஏத்தினவை. யானைக்கு ஆரும் விசா கேக்கேல்லை. வல்வெட்டித்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை எண்டு எங்கட துறைகளில இருந்து பாய்மரக் கப்பல்கள் தென்னிந்தியக் கரைக்கும் அதுக்கு அங்காலயும் போய்வந்தது. வல்வெட்டித்துறையில கட்டின அன்னபூரணி 1938இல அமெரிக்காவின்ர குளொஸ்ரர் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. 1914இல இருந்து தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில கப்பல் ஓடினது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழிச்சாப் பிறகும் இராமேஸ்வரத்தில இருந்து ஓடி, எண்பதுகளின்ர தொடக்கத்தில யுத்தத்தோடதான் நிண்டது.

அந்தக் காலத்தைப் பொற்காலம் எண்டு சொல்ல வரேல்லை. கடல் திறந்து கிடந்தது எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை. அகதிகள் போய் இறங்கின அதே மண்டபம் முகாம், வெள்ளைக்காரன் காலத்தில மலையகத் தோட்டங்களுக்குக் கொண்டுவந்த தொழிலாளரை அடைச்சு நோய் பாத்து அனுப்பின முகாம். வியாபாரிக்குத் திறந்த கடல், கூலிக்கு அண்டைக்கும் முகாம்தான்.

பிறகு சுதந்திரம் வந்தது. 1948இன் 20ஆம் இலக்கக் குடிவருவோர் குடியகல்வோர் சட்டம் 1949 நவம்பர் 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அதே 1948இல பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கினது. இந்த இரண்டு சட்டத்தையும் சேர்த்துத்தான் வாசிக்கவேணும். ஒண்டு உள்ளுக்கு இருந்தவையை வெளியாக்கினது, மற்றது வெளிய இருந்து வாறவையை மறிச்சது. ஒரு பாக்குநீரிணை, இரண்டு பூட்டு. அந்தக் காலத்திலதான் "கள்ளத்தோணி" எண்ட சொல் ஒரு வசவாப் பரவினது. அதைச் சிங்களவர் மட்டும் பாவிக்கேல்லை. யாழ்ப்பாணத்தில நாங்களும் மலையகச் சனத்தைப் பாத்துப் பாவிச்சம். தீவகத்துச் சனத்தைத் "தீவார்" எண்டு இளக்காரமாச் சொல்லிற அதே வாயால. பிறகு 1983க்குப் பின் நாங்களே தோணியில ஏறினம். வரலாறு பழி வாங்கும் எண்டு நான் நம்பிறேல்லை. ஆனா அது கணக்கை மறக்கிறேல்லை.

அந்தக் கணக்கு இன்னும் முடியேல்லை எண்டதுக்கு ஒரு சாட்சி. 2025 மே மாதக் கடைசியில, அகதிகளுக்கான ஐ.நா. முகவரகத்தின்ர உதவியோட தமிழகத்தில இருந்து ஊர் திரும்பின, எழுபது வயதைத் தாண்டின ஒருவரைப் பலாலி விமான நிலையத்தில கைது செய்தவை. காரணம், யுத்த காலத்தில பாஸ்போட் இல்லாமல் நாட்டை விட்டுப் போனவராம். குண்டு விழேக்க ஓடின ஆள் குடிவரவு முத்திரை குத்திப்போட்டு ஓடியிருக்க வேணுமாம். எதிர்ப்பு வந்தாப் பிறகு அரசாங்கம் கொள்கையை மாத்திறதாச் சொன்னது. சொன்னது நல்லது. சட்டம் அப்பிடியே கிடக்கு.

அடுத்த பக்கமும் பெரிய வித்தியாசம் இல்லை. முப்பது வருசத்துக்கு மேல தமிழகத்தில இருக்கிற எங்கட சனம் இந்தியச் சட்டத்தின்ர கண்ணுக்குச் "சட்டவிரோதக் குடியேறிகள்". 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில அவைக்கு இடமில்லை. 2025 செப்ரெம்பரிலதான், 2015 ஜனவரி 9க்கு முதல் வந்து பதிஞ்சவைக்குத் தண்டனையில இருந்து விலக்கு எண்டு ஒரு உத்தரவு வந்தது. குடியுரிமை இல்லை, தண்டனை இல்லை, அவ்வளவுதான். சின்ன அம்மம்மா இங்க வர வெளிக்கிட்டாலும் அவவிட்ட இருக்கிறது ஒரு முகாம் அடையாள அட்டை.

முடியாது எண்டு சொல்லாதையுங்கோ, கச்சதீவில செய்யிறியள்

இப்பதான் எங்கட ஊர்க் கதைக்கு வாறன். கச்சதீவு நெடுந்தீவுப் பிரதேச செயலகத்துக்குக் கீழ வாற தீவு. 285 ஏக்கர், குடிதண்ணி இல்லை, குடியிருப்பு இல்லை, ஒரு அந்தோனியார் கோயில். 1974 ஜூனில இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தத்தின்ர 5ஆம் உறுப்புரை சொல்லிறதின்ர சாரம் இதுதான்: இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்னைப்போலவே கச்சதீவுக்கு வரலாம், அதுக்கு இலங்கை பயணப் பத்திரமோ விசாவோ கேக்கக்கூடாது.

திரும்பவும் வாசியுங்கோ. பாஸ்போட் இல்லை, விசா இல்லை. ஒவ்வொரு வருசமும் மாசியிலயோ பங்குனியிலயோ இரண்டு நாள், ஆயிரக்கணக்கான இந்தியர் இலங்கை மண்ணில கால் வைக்கினம். பெயர் பதியினம், படகில வருகினம், கடற்படை எண்ணுது, அடுத்த நாள் திரும்பிப் போகினம். நான் மேல சொன்ன கப்பல் பயணியின்ர முதல் இரண்டு நிபந்தனையும் இதில இருக்கு: முன்கூட்டிய பட்டியல், நிச்சயமான திரும்பல். நாடு கவிண்டு போகேல்லை.

நாங்கள் சைவம் எண்டாலும் அந்தோனியாருக்கு அம்மம்மா நேர்த்தி வைக்கிறவ. 2023 திருவிழாவில, இராமேஸ்வரத்தில இருந்து வாற தெரிஞ்ச ஒரு குடும்பத்திட்டத் தங்கச்சிக்கெண்டு ஒரு பொதி குடுத்து விட்டா. ஒடியல், பனங்கட்டி, ஒரு சீலை. போய்ச் சேர்ந்தது. 2024இலயும் பொதி கட்டினா. அந்த முறை இராமேஸ்வரத்தில இருந்து ஆரும் வரேல்லை. இலங்கைச் சிறையில தங்கட மீனவருக்குத் தண்டனை குடுத்ததுக்கு எதிர்ப்பா அவை திருவிழாவைப் புறக்கணிச்சவை. அம்மம்மா பொதியைத் திரும்பக் கொண்டுவந்தா. 2025இல திரும்பக் குடுத்து விட்டா.

ஆக, ஒடியலுக்கு ஒரு பாதை இருக்கு. அம்மம்மாவுக்கு இல்லை.

இது கச்சதீவுக்கு மட்டும் உரிய அதிசயம் இல்லை. அவுஸ்திரேலியாவும் பப்புவா நியூகினியும் 1978இல ரொறஸ் நீரிணை ஒப்பந்தம் எண்டு ஒண்டைச் செய்து, அது 1985இல நடைமுறைக்கு வந்தது. நீரிணையின்ர இரண்டு பக்கத்துப் பாரம்பரியக் குடிகளும் பாஸ்போட்டும் விசாவும் இல்லாமல் போய்வரலாம். உறவினரைப் பாக்க, சடங்குக்கு, பண்டமாற்றுக்கு. வேலை தேடி அல்ல. ஊர்த் தலைவரிட்ட ஒரு துண்டு எழுதி வாங்கிக்கொண்டு வருகினம். படகில வந்த அகதியளைப் பிடிச்சு நவுறு தீவில அடைச்ச அதே அவுஸ்திரேலியாதான் இதையும் செய்யுது. இன்னொண்டு, கர்த்தார்பூர். 2019 நவம்பரில இந்தியாவும் பாகிஸ்தானும் சேர்ந்து, சீக்கிய யாத்திரிகர் விசா இல்லாமல் எல்லை தாண்டிக் குருத்துவாராவுக்குப் போய் அண்டைக்கே திரும்ப ஒரு பாதை திறந்தவை. 2025 மே மோதலோட இந்தியப் பக்கம் அதை மூடினது, அது வேற கதை. யுத்தம் செய்த இரண்டு நாட்டுக்கு ஐந்தரை வருசம் ஏலுமாயிருந்தது, "நட்பு நாடு, தொப்புள்கொடி உறவு" எண்டு மேடையில சொல்லிற இரண்டு நாட்டுக்கு ஏன் ஏலாது?

எதிர்வாதங்கள்

முதலாவது, இழுவைமடி. "கடலைத் திறந்தா இந்தியன் ட்ரோலர் எல்லாம் வந்திடும்" எண்டு எங்கட கடற்தொழிலாளர் பயப்பிடுகினம். அந்தப் பயம் முழுக்க நியாயமானது. நெடுந்தீவுக் கடலில வலை அறுந்து போன குடும்பங்களைத் தெரியாமல் நான் எழுதேல்லை. இலங்கை 2017இல இழுவைமடியைச் சட்டத்தால தடை செய்தது சரியான வேலை. ஆனா ஆக்களின்ர போக்குவரத்தும் ட்ரோலரும் ஒண்டில்லை. ரொறஸ் ஒப்பந்தத்திலயே ஆக்கள் போய்வாறது ஒரு பகுதி, வணிக மீன்பிடி வேற பகுதி, வேற விதி. உண்மையில இப்ப நடக்கிறதைப் பாருங்கோ: விசா கேக்கிற சட்டம் ட்ரோலரை மறிக்கேல்லை. தங்கச்சியைப் பாக்கப் போற கிழவியை மறிச்சிருக்கு.

இரண்டாவது, கேரள கஞ்சாவும் கடத்தலும். கடத்திறவன் ஒருநாளும் படிவம் நிரப்பிறேல்லை. பெயர் பதிஞ்சு, இறங்குதுறையில எண்ணுப்பட்டு, பொதியைச் சோதிக்கக் குடுத்துப் போற பாதையை எந்தக் கடத்தல்காரன் விரும்புவான்? சட்டப்படியான பாதை இல்லாத கடலிலதான் இருட்டுப் பாதைக்கு விலை கூட.

மூண்டாவது, "போனவை திரும்பி வராயினம்." 2022இல பொருளாதாரம் விழேக்க சில நூறு பேர் திரும்பவும் வள்ளம் ஏறித் தனுஷ்கோடி மணற்திட்டில போய் இறங்கினவை, உண்மை. அவையை ஒரு விசா விதியும் தடுக்கேல்லை. அரிசி விலைதான் அனுப்பினது.

நாலாவது, "கப்பல் இருக்குத்தானே." இருக்கு. 2023 ஒக்ரோபர் 14ஆம் திகதி நாகபட்டினம் காங்கேசன்துறைக் கப்பல் சேவை பெரிய விழாவோட தொடங்கி, ஒரு கிழமையளவில நிண்டு, 2024 ஓகஸ்ற் 16ஆம் திகதி வேற கப்பலோட திரும்பத் தொடங்கினது. காங்கேசன்துறைத் துறைமுகத்தைத் திருத்த இந்தியா 61.5 மில்லியன் டொலர் நன்கொடை அறிவிச்சது. நான் அந்தக் கப்பலுக்கு எதிரி இல்லை, அது ஓடவேணும். ஆனா இரண்டு அரசும் இரும்புக்கும் சீமெந்துக்கும் காசு போட்டுப்போட்டு, ஆர் ஏறலாம் எண்ட கேள்வியைத் தொடாமல் விட்டிருக்கினம். பாலத்தைக் கட்டிப்போட்டுப் படலையைப் பூட்டினா அதுக்குப் பெயர் பாலமில்லை, காட்சிப் பொருள்.

கொழும்பு விசாவைப் பாடமாக் கொண்டாடிற விதத்தையும் ஒருக்காச் சொல்லவேணும். 2023 நவம்பரில இருந்து இந்தியா, சீனா உட்பட ஏழு நாட்டுச் சுற்றுலாப் பயணிக்கு இலவச விசா எண்டவை. 2024 ஏப்ரலில முழு விசா வேலையையும் வெளி நிறுவனங்களிட்டக் குடுத்து, கட்டணம் ஏறி, கட்டுநாயக்காவில குழப்பம் வந்து, உயர் நீதிமன்றம் மறிச்சு, அந்த உத்தரவை நடைமுறைப்படுத்தாததுக்குக் குடிவரவுக் கட்டுப்பாட்டாளர் நாயகமே விளக்கமறியலுக்குப் போனார். அதாவது விசா எண்டது கல்லில வெட்டின விதி இல்லை. ரூறிஸ்ற் வரவேணும் எண்டா ஒரு வர்த்தமானியில மாறும், ஆருக்கோ காசு வரவேணும் எண்டா இன்னொரு வர்த்தமானியில மாறும். எங்களுக்காக மாறினதா ஒரு வர்த்தமானி இன்னும் வரேல்லை.

என்ன கேக்கிறம்?

எல்லையை அழிக்கக் கேக்கேல்லை. கப்பல் பயணிக்கு உலகம் குடுக்கிற அளவு நம்பிக்கையைக் கரைச்சனத்துக்கும் குடுக்கக் கேக்கிறம்.

ஒண்டு: தீவகம், மன்னார், வடமராட்சிக் கரையோரத்தில உள்ளவைக்கும், இராமநாதபுரம், நாகபட்டினம் கரையில உள்ளவைக்கும், தமிழக முகாம்களில உள்ள எங்கட சனத்துக்கும் உறவினரைப் பாக்கவும் செத்தவீடு, கலியாணத்துக்குப் போகவும் ஒரு குறுங்காலக் கடற்பயண அனுமதி. கிராம அலுவலர் உறுதிப்படுத்தினாப் போதும். நாள் எண்ணி, பெயர் எண்ணி விடுங்கோ.

இரண்டு: யுத்த காலத்தில பத்திரம் இல்லாமல் போன ஆர் திரும்பினாலும் வழக்கில்லை எண்டதை வாய்ப்பேச்சா இல்லாமல் சட்டத்தில எழுதுங்கோ.

மூண்டு: கப்பலுக்கான ரிக்கற், விசா, சோதனை எல்லாத்தையும் தமிழில, காகிதத்திலயும் செய்யக்கூடியதா வையுங்கோ. வங்கி அட்டை இல்லாதவளும் பயணிதான்.

இதை டெல்லியிட்டயும் கேக்கவேணும், கொழும்பிட்டயும் கேக்கவேணும். எங்கட பாராளுமன்ற உறுப்பினரிட்ட முதல்ல கேக்கவேணும், ஏனெண்டா கச்சதீவு ஆருக்குச் சொந்தம் எண்டு கதைக்கிற அளவுக்கு, கச்சதீவுக்கு அங்கால இங்கால இருக்கிற ஆக்களைப் பற்றி அவை கதைக்கிறேல்லை. 2025 செப்ரெம்பர் 1ஆம் திகதி, யாழ்ப்பாணத்தில பாஸ்போட் அலுவலகம் திறந்த அதே நாள், ஜனாதிபதி கச்சதீவுக்கும் போனார். ஒரு பிடி மண்ணும் விட்டுக்குடுக்க மாட்டம் எண்ட கதைதான் செய்தியில பெருசா வந்தது. மண்ணை ஆரும் இங்க கேக்கேல்லை. அந்த மண்ணில இரண்டு நாள் நடக்கிறதை மற்ற நாளிலயும், மற்ற இறங்குதுறையிலயும் நடத்தலாமோ எண்டுதான் கேக்கிறம்.

அடுத்த திருவிழாவுக்கு அம்மம்மா இப்பவே ஒடியல் காயவைக்கத் தொடங்கிட்டா. பாதியில நிக்கிற படிவத்தை நான் இந்தக் கிழமை திரும்பத் திறக்கப்போறன். இந்தியாவில தெரிஞ்சவர் எண்ட இடத்தில இந்தமுறை ஹோட்டல் பெயர் போடப்போறேல்லை. சின்ன அம்மம்மாவின்ர பெயரையும் முகாமின்ர பெயரையும் முழுசா எழுதப்போறன். உறவுமுறை எண்ட கட்டத்தில "தங்கச்சி" எண்டு.